இடம் மாறிய இரண்டு வார்த்தைகள்

எண்பதுகளின் கடைசியில் செங்கம் ரோட்டில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் படித்தேன். எழுத்துகளை எண்களாக்கிக் கூட்டி, அனுப்பிய இடத்திலும் வந்த இடத்திலும் கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால் ஃபைல் கெடவில்லை என்றார் ஆசிரியர்.

"ரெண்டு வார்த்தை இடம் மாறிட்டா சார்?"

"வெறும் கூட்டல்ல தெரியாது. அதனாலதான் எந்த எழுத்து எந்த இடத்துல இருக்குன்னும் சேர்த்துக் கணக்குப் போடுவாங்க. ஏன் கேக்கறே?"

நான் பள்ளியில் படித்தபோது, அப்பாவும் சித்தப்பாவும் போன லாரி பெங்களூர் பக்கம் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்தது. தம்பி இறந்தார், அண்ணன் நலம். தந்தியின் தலைப்பில் குறித்திருந்த வார்த்தைகளின் எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

சித்தியை மடியில் சாய்த்துக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்டி" என்று அம்மா இரவெல்லாம் தேற்றினாள்.

மறுநாள் வேன் வந்தது. கையில் கட்டோடு சித்தப்பா இறங்கினார். சித்தி அலறிக்கொண்டு ஓடினாள். அம்மா வாசலிலேயே நின்றாள்.

"உங்கப்பா ஏன் இன்னும் எறங்கல?" என்று என்னைக் கேட்டாள்.

அதன்பிறகும் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சித்தி எதற்காவது சிரித்தால், சட்டென்று அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வாள்.