சீம்பாலுக்கு முன் சோப்பு

இன்று திண்டிவனத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடும் கரி பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவர் என்னை நோக்கி ஓடி வந்தார்.

போன மாதம் மயிலத்தில் நான் பிரசவம் பார்த்த பெண்ணின் புருஷன். "கை கழுவாமல் குழந்தையைத் தொடாதீர்கள்" என்று அன்று அதட்டியிருந்தேன். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நர்ஸம்மா, நம்ம பசு கன்னு போட்டுச்சுங்க! முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிக்கினுதான் கன்னைப் பிடிச்சேன். ரெண்டும் சொகமா கீதுங்க!"

கையிலிருந்த தூக்கைத் திறந்தார். வெல்லம் போட்டு வேகவைத்த சீம்பால். ஆசையாகக் கையை நீட்டினேன்.

தூக்கைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கை கழுவினீங்களா?"

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் விரலெல்லாம் பஸ் கரி.

அன்று நான் கொடுத்த சோப்புத் துண்டை மடியிலிருந்து எடுத்து அவரே நீட்டினார்.

சீம்பாலுக்காகக் கை கழுவிய நர்ஸ் வேறு யாராவது உண்டா, தோழிகளே?