என் சம்பளத்தில் பங்கு கேட்ட கிழவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பக்கம் விசாரித்தால் இன்றைக்கும் இரண்டு மூன்று பேர் மனமுவந்து சாட்சி சொல்வார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு வீடு வாங்கப் பார்த்தேன். அதற்கு நான் போட்ட திட்டம், அந்த வீட்டை விட்டு என்னை நானே கிளப்பும் திட்டமாக இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மலாக்கா டவுனில் ஒரு ரப்பர் கம்பெனியில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. காஜா பெராங்கில் வாடகை வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் ஒரு கிணறு. இரண்டு வயதில் ஒரு மகள், மனைவியின் வயிற்றில் ஏழு மாதத்தில் இன்னொன்று. வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். சாமி பெயர்களைத் தவிர அவருக்குத் தமிழ் வராது. செங் என்ற ஊரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போவதால் வீட்டை விற்கிறேன் என்றார். குடியிருக்கும் உங்களுக்கே முதல் உரிமை, மாத முடிவுக்குள் முன்பணம் கொடுங்கள், மீதியை மாதா மாதம் கட்டுங்கள் என்றார். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். கைப்பிள்ளையும் வயிற்றுப்பிள்ளையுமாக நாங்கள் வீடு தேடி அலைய வேண்டும்.

காசு இருந்தது. கையில்தான் இல்லை. சேமநிதி என்று புதிதாக ஒன்று வந்து, மாதா மாதம் என் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். யாருக்காகப் பிடிக்கிறார்கள் என்று கேட்டால், ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெறப்போகும் ஒரு கிழவனுக்காம். அந்தக் கிழவன் நான்தானாம். எனக்கு நம்பிக்கையில்லை. பெற்ற மகளுக்குப் பால்மாவு வாங்குவதற்கே நான் யோசித்துக்கொண்டிருக்க, முன்பின் பார்த்திராத ஒரு கிழவன் என் சம்பளத்தில் பங்கு வாங்கிக்கொண்டு எங்கோ சாய்வு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். கிணற்றடியில் குளிக்கும்போதுகூட அவனைத் திட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசில் பெரிய கிராணியிடம் கேட்டேன். அவரும் எங்கள் தெருவாசிதான்.

“அண்ணே, அந்தச் சேமநிதிக் காச இப்பவே எடுக்க வழி இருக்கா?”

“இருக்கு. மூணு வழி. ஒண்ணு, அம்பத்தஞ்சு வயசாகணும்.”

“ரெண்டாவது?”

“சாகணும்.”

“மூணாவது?”

“ஒரேயடியா ஊருக்குப் போயிடணும். இனிமே திரும்பி வரமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு.”

ஊர் என்றால் எங்களுக்கெல்லாம் இந்தியா. முதல் வழிக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகும், வீட்டுக்காரம்மா அவ்வளவு பொறுக்க மாட்டார். இரண்டாவது வழியில் வீடு கிடைக்கும், குடிபுக நான் இருக்க மாட்டேன். மூன்றாவதுதான் உடம்புக்குச் சேதமில்லாமல் தெரிந்தது. சும்மா போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

“அப்ப நான் ஊருக்குப் போறேண்ணே” என்றேன்.

“நீ எந்த ஊருடா?”

“தஞ்சாவூர்ப் பக்கம்.”

“எந்தப் பக்கம்?”

“இந்தப் பக்கந்தான்” என்று தைரியமாகக் கையைக் காட்டினேன். கை காட்டிய திசையில் இருந்தது மலாக்காவிலேயே இருக்கும் கிளேபாங். நான் பிறந்ததே மலாக்கா ஆஸ்பத்திரியில். கப்பலைத் தூரத்திலிருந்து பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

“சரிலா. குடும்பத்துல எத்தன பேரோ அத்தன கப்பல் டிக்கெட்டு வாங்கிட்டு வந்து காட்டு.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிழவன் காசு முழுவதும் டிக்கெட்டுக்கே காணாது. “யோசிச்சுச் சொல்றேண்ணே” என்று நழுவினேன். ஒரு கோப்பி ஆறுவதற்குள் என் திட்டம் பிறந்து செத்துவிட்டது. செத்தது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. அவர் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னார். அதற்கப்புறம் தெருவில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அது மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற காலம். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி, “இருக்கீங்களா, போறீங்களா?” என்றுதான் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவன் போகிறேன் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்?

சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டு லோரிக்காரர் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். “தங்கச்சிக்கு ஒரு கொடை, மச்சானுக்கு டார்ச்லைட்டு. நாகப்பட்டணத்துல எறங்கினா கிட்டத்தான் தம்பி” என்றவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிற மனிதரிடம் நான் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? பெட்டியை வாங்கி வைத்தேன். ஒன்றை வாங்கினால் மற்றதையும் வாங்கித்தானே ஆக வேண்டும். தைலப் புட்டிகள் வந்தன, கைலிகள் வந்தன, ஒரு தையல் மிஷினின் தலை மட்டும் வந்தது. “ஒடம்பு அங்க இருக்கு” என்றார்கள்.

மத்தியானம் மனைவி என் தட்டில் இரண்டு மீன் துண்டு அதிகமாக வைத்தாள்.

“என்ன விசேஷம்?” என்றேன்.

“கப்பல்ல நல்ல மீனு கெடைக்குமோ என்னமோ.”

மாட்டிக்கொண்டேன். கிழவன், முன்பணம், மூன்று வழிகள் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அந்தக் கெழவரு காசத் தொடாதீங்க” என்றாள். “வயசான காலத்துல நான் அவருகூடத்தான் குடித்தனம் பண்ணணும். நீங்க அவர ஓட்டாண்டியாக்கிட்டுப் போயிடுவீங்க, கஞ்சி ஊத்தறது யாரு?”

என்னை விட்டுவிட்டு அவள் அவன் பக்கம் சேர்ந்தது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு அவள் பசாருக்குப் போயிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, எங்கள் வாசற்படியை அளவு நாடாவால் அளந்தார். நாடாவின் ஒரு முனை நழுவிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பாவமாக இருக்கவே, போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“கொஞ்சம் மேல தூக்குங்க. அலமாரி நொழையாது போலருக்கே” என்றார்.

“படுக்கப் போட்டு நொழைச்சுடலாம்” என்று யோசனையும் சொன்னேன். “எந்த வீட்டுக்கு அளக்கறீங்க?”

“இந்த வீட்டுக்குத்தான். நான் செமாபோக்லேருந்து வரேன். இங்க குடியிருந்த ஆளு ஊருக்குப் போறானாம். வீட்டம்மா விக்கிறாங்களாம்னு சொன்னாங்க.”

நாடாவை விட்டுவிட்டு ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. வீட்டுக்காரம்மா தன் வீட்டு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மலாயில், “நீ பாலிக் இந்தியா ஆச்சே, இன்னும் கிளம்பலையா?” என்றார். பாலிக் என்றால் திரும்பிப் போவது. பார்த்தேயிராத இடத்துக்குத் திரும்பிப் போவது எப்படி என்று விளக்க எனக்கு மூச்சில்லை.

“வீடு... வீட்டை வித்துடாதீங்க.”

“வித்தாச்சே.”

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்பதுதான் மனசில் ஓடியது.

“யாருக்கு?”

“உன் பெண்டாட்டிக்கு” என்றார். “இப்பத்தான் முன்பணம் கொடுத்துட்டுப் போறா. உன் புருஷன் போறானாமேன்னு கேட்டேன். அவரப் பத்தித் தெரியாது, நான் இங்கதான் இருக்கப்போறேன்னு சொன்னா. செமாபோக்காரனை மத்தியானம் வரச் சொல்லியிருந்தேன், முந்திட்டான் போல.”

வீட்டுக்குத் திரும்பினபோது செமாபோக்காரரும் இல்லை, நாடாவும் இல்லை. மனைவி அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். காசு ஏது என்று கேட்டேன். தெருப் பெண்கள் மாதா மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறை வைத்து மொத்தமாக எடுக்கும் கூட்டுச் சீட்டாம். பிரசவத்துக்கென்று கட்டி வந்திருக்கிறாள். பெரிய கிராணி பெண்டாட்டியின் முறையை நேற்றுத்தான் கேட்டு மாற்றிக்கொண்டாளாம். வீட்டுக்கு உலை வைத்த இடத்திலேயே போய் வீட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“பிரசவத்துக்கு என்ன பண்ணுவே?”

“இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியும் இருக்கு.”

மாடத்தில் வீட்டுக்காரம்மா கொடுத்த ரசீது இருந்தது. எடுத்து வாசித்தேன். இரண்டாவது தடவையும் வாசித்தேன். முழுக்க முழுக்க அவள் பெயர். நான் குடும்பத் தலைவன் அல்லவா, தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

“எல்லாம் சரி, இதுல ஒரு ஓரமா எம் பேரையும் போட்டிருக்கலாமே?”

அவள் மீனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“ஊருக்குப் போறவருக்கு இங்க எதுக்குங்க வீடு.”