லிதுவேனியா பூவும் சத்வா தையலும்

ஜெர்சி அச்சடிக்கும் கடையில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்தில் எல்லா அணியும் ஒன்றுதான்: எல்லாருக்கும் சாயங்காலம் மேட்ச், எல்லாரும் மத்தியானம்தான் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்று, சிரித்த முகத்தோடு வயிறு எரியும் சகாக்களே, உங்களுடையது செல்போன் கடையோ சலூனோ, என் பாடு உங்களுக்குப் புரியும். துபாய் சத்வாவில், தையற்கடைகளின் வரிசையில் எங்கள் கடை இருக்கிறது. கவுன்டரில் நான், பெயர் ஜெரோம், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். உள்ளே எம்பிராய்டரி மெஷினில் முருகேசன் அண்ணன், அறந்தாங்கிப் பக்கம். முதலாளி வாடகை கட்டும் நாளில் மட்டும் தரிசனம் தருவார்.

ஏழு பேருக்கும் ஏழாம் நம்பர்

அபுதாபி முசஃபாவில் ஒரு வெல்டிங் பட்டறைப் பையன்கள் கால்பந்து அணி தொடங்கினார்கள். வாரக் கடைசியில் தொழிலாளர் கேம்ப்புக்குப் பக்கத்து மணலில் ஆட்டம். சட்டை அடிக்க வந்த ஏழு பேருக்கும் ஏழாம் நம்பர்தான் வேண்டுமாம். ஒரு அணியில் ஒரு ஏழுதான் இருக்கலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எட்டு நல்ல நம்பர், பதினொன்று பார்க்க அழகாக இருக்கும், பதினேழில்கூட ஒரு ஏழு இருக்கிறதே என்றெல்லாம் ஆசை காட்டினேன். ஒருவரும் மசியவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இப்படி ஆடினால் ரெஃப்ரி எவனுக்கென்று கார்டு காட்டுவார்?" என்று கேட்டேன். கேப்டன் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "ஏழே இருக்கட்டும்ணே. ரெஃப்ரி நம்ம ரூம்மேட்டுதான், மூஞ்சியப் பாத்தே கார்டு குடுத்துருவாரு."

ஒரே சட்டையோடு வந்தவர்

ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்களில் அங்கே உள்ள சின்னச் சின்ன கிளப்புகள் பயிற்சிக்காக இங்கே வருவார்கள். ஒரு ஜனவரியில், நெடுநெடுவென்று ஒல்லியாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்குள் குனிந்து நுழைந்தார். பெயர் யோனாஸ். ஒரு லிதுவேனிய கிளப்பின் சட்டைகளைத் துவைப்பது, மடிப்பது, சுமப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நடுவில் விமானம் மாறிய இடத்தில் சட்டை மூட்டை காணாமல் போய்விட்டது. சனிக்கிழமை மாலை இங்கே ஒரு பயிற்சி ஆட்டம். அணி முழுவதற்கும் சட்டை வேண்டும். சாம்பிள் கேட்டேன். தான் போட்டிருந்த இளநீலச் சட்டையைக் கழற்றிக் கவுன்டரில் வைத்தார். மாற்றிக்கொள்ள அவரிடம் வேறு சட்டை இல்லை. முசஃபாக்காரர்கள் அளவு சரியில்லை என்று விட்டுப்போன ஏழாம் நம்பரைக் கொடுத்தேன், தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

சின்னத்தை ஸ்டிக்கராக ஒட்டலாமா, தனித் துணியில் தைத்து ஒட்டலாமா என்று கேட்டதற்கு, "சட்டையிலேயே நேராகத் தைக்க வேண்டும், எங்கள் ஊரில் அப்படித்தான்" என்றார். எங்கள் கரையில் பந்து என்றால் கால்பந்துதான், ஆனாலும் இந்த கிளப்பை நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். அவர் வருத்தப்படவில்லை. "எங்கள் நாட்டிலேயே முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதில்லை, மை பிரெண்ட். அங்கே எல்லாருக்கும் கூடைப்பந்து பைத்தியம். கால்பந்து பார்க்கக் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும்."

பெயர் மாறிய கதை

நூலின் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க அவரை உட்காரவைத்து, பக்கத்து கஃபட்டேரியாவில் கரக் டீ சொன்னேன், நம்மூர் ஏலக்காய் டீ மாதிரிதான். டீ உள்ளே போனதும் மனுஷன் பேச ஆரம்பித்தார். அவர் ஊரில் லினன் துணி நெய்யும் ஆலை இருந்ததாம். நம்மூரில் இப்போது எல்லாரும் டப்பாவில் வாங்கிச் சாப்பிடும் ஆளி விதை இருக்கிறதே, அந்தச் செடியின் நாரில் நெய்யும் துணி. அதன் பூ இளநீலம். ஆலைத் தொழிலாளிகள் தொடங்கிய கிளப் என்பதால் சட்டைக்கு அந்த நீலம், நெஞ்சில் அந்தப் பூ. சோவியத் காலத்தில் கிளப்புக்கு ஆலையின் பெயர். நாடு தனியானதும் ஊரின் பெயர். அப்புறம் பணம் போட்ட ஒரு பாங்கின் பெயர். கடைசியில் கடனில் மூழ்கி கிளப்பையே மூடிவிட்டார்கள். யோனாஸும் இன்னும் கொஞ்சம் ரசிகர்களும் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூடி, கடைசி டிவிஷனிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். பழைய கிளப் செத்துப்போச்சு, உங்களுக்கு ஏது வரலாறு என்று எதிரணிக்காரர்கள் இன்றும் கிண்டல் செய்கிறார்களாம்.

இப்போது ஒரு பணக்காரர் கிளப்பை விலைக்குக் கேட்கிறார். பழைய கிளப் திவாலானபோது அதன் பெயரையும் சின்னத்தையும் மலிவாக வாங்கிவைத்திருந்தவர் அவர். கிளப்பைத் தன் பெயருக்கு எழுதிக்கொடுத்தால் பழைய சின்னத்தைத் திரும்பத் தருவாராம், பணமும் போடுவாராம். இந்தத் துபாய்ப் பயணச் செலவுகூட ஆசை காட்ட அவர் கொடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை ஊரில் உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். பாதிப்பேர் சரி என்கிறார்கள், பாதிப்பேர் கூடாது என்கிறார்கள். யோனாஸ் கூடாது கட்சி. தொடங்கியதை விற்றுவிட்டால் நாம் யார் என்று கேட்டபோது அவர் கையில் டீ ஆறிப்போயிருந்தது. எல்லாவற்றையும் முருகேசன் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "என் விசாவுல எத்தனையோ கம்பெனி பேரு மாறிருச்சு தம்பி. அதுக்காக நான் முருகேசன் இல்லைன்னு எம் பொண்டாட்டி சொல்லிருவாளா?"

கேட்காமல் செய்த உபகாரம்

எங்கள் கடைக்கு ஒரு பெருமை உண்டு. சாம்பிளாக வரும் சட்டைகள் பாதி கிழிந்துதான் வரும். சிங்கத்துக்கு வால் இருக்காது, கழுகுக்கு ஒரு சிறகு பிய்ந்திருக்கும். முருகேசன் அண்ணன் அதையெல்லாம் கேட்காமலே சரிசெய்து முழுசாகத் தைத்துக் கொடுத்துவிடுவார். வாடிக்கையாளர்கள் மனம் குளிர்ந்து போவார்கள். யோனாஸ் சட்டையில் இருந்த பூவுக்கு நாலு இதழ்தான் இருந்தது. ஐந்தாவது இதழ் தனியாகக் கழன்று பூவுக்குக் கீழே கிடந்தது. அண்ணன் விடுவாரா? போனில் ஆளிப் பூவைத் தேடிப் பார்த்து, இதழை மேலே தூக்கி ஒட்டி, ஐந்தும் கச்சிதமாக வரும்படி டிசைன் போட்டு எல்லாச் சட்டையிலும் தைத்து முடித்துவிட்டார். சனிக்கிழமை காலை யோனாஸ் முதல் சட்டையைப் பிரித்தார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் முகம் வெளுத்த விதத்தைப் பார்த்து நாற்காலியை எடுத்துப்போட்டேன்.

ஐந்து இதழ் முழுப்பூதான் அந்தப் பணக்காரர் கையில் இருக்கும் பழைய சின்னம். ரசிகர்கள் மறுபடி தொடங்கியபோது, விழுந்ததை மறைக்க வேண்டாம் என்று ஒரு இதழை வேண்டுமென்றே கீழே உதிர்த்து வரைந்திருக்கிறார்கள். அவர் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம், எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மாலை ஆட்டத்தை ஊரே போனில் பார்க்கும். அணி முழுப்பூவோடு இறங்கினால், ஓட்டுக்கு முன்னாலேயே கிளப்பை விற்றுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். கூடாது என்றவர்களும் வெறுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். விற்றவர்களில் முதல் ஆள் சட்டை கொண்டுவந்த யோனாஸ் என்றாகிவிடும். உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "பிஞ்ச பூவ யாராச்சும் வேணும்னே நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரிவாங்களா? நான் என்னத்தக் கண்டேன்!"

இதழ் பறித்தவர்கள்

புதுச் சட்டையில் தைக்கலாம் என்றால் அந்த நீலத்தில் ஸ்டாக் மாஃபி, ஒன்றுகூட இல்லை. இருந்தது ஒரே வழி. ஒவ்வொரு சட்டையிலும் ஒரு இதழின் நூலை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும், பிறகு கீழே தனி இதழ் தைக்க வேண்டும். தைப்பது மெஷினுக்குச் சில நிமிட வேலை. பிரிப்பதற்கு மெஷின் கிடையாது, மனுஷக் கைதான். யோனாஸ் ஹோட்டலுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் அணியின் பஸ் வந்து நின்று, அரைக்கால் சட்டையோடு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கோல்கீப்பர் எங்கள் போர்டில் மண்டையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

கடைக்குள் இடம் பத்தாமல் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பக்கத்துத் தையற்கடைகளில் கத்தரியும் தையல் பிரிக்கும் ஊசியும் இரவல் வாங்கினேன். பிசியோதெரபி பார்க்கிறவர் மருந்துப் பையிலிருந்து இடுக்கி கொடுத்தார். பயிற்சியாளர் திட்டிக்கொண்டே இரண்டு சட்டை பிரித்தார். சத்வாவே நின்று வேடிக்கை பார்த்தது. முருகேசன் அண்ணன் மெஷினுக்கும் வாசலுக்குமாக ஓடி, "மெதுவா, பாய், மெதுவா, துணி கிழிஞ்சுரும்" என்று தமிழிலேயே கெஞ்ச, அவர்களும் என்னவோ புரிந்ததுபோல் தலையாட்டினார்கள். நூல் வந்துவிட்டது. ஆனால் ஊசி இறங்கிய ஓட்டைகள் போகவில்லை. நாலு இதழுக்குப் பக்கத்தில், ஐந்தாவது இதழின் வடிவத்தில் பொடிப்பொடி ஓட்டைகள். இதற்கு மேல் செய்ய எங்களுக்கும் தெரியவில்லை. கோல்கீப்பர் தன் விரல்களை நீவிக்கொண்டு பயிற்சியாளரிடம் சொன்னார்: "பந்து பிடிக்க வைத்திருந்த விரல் இது. இன்று கோல் விழுந்தால் என்னைக் கேட்கக் கூடாது."

கோல் கணக்கு

முதலாளியிடம் டெலிவரி என்று சொல்லி ஷட்டரை இறக்கிவிட்டு, நானும் அண்ணனும் மைதானத்துக்குப் போனோம். கோல்கீப்பர் வாய் முகூர்த்தம் பலித்தது, மூன்று கோல் விழுந்தது. எனக்கு ஆட்டத்தில் கண் இருந்தது. அண்ணன் பந்தையே பார்க்கவில்லை. யார் ஓடினாலும் அவர்கள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது சட்டையைப் பிடித்து இழுத்தால், "டேய் டேய், விடுறா!" என்று எழுந்து நின்றார். யோனாஸ் கோட்டுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் எங்களுக்கும் பேசும் மொழி வேறு, சாப்பிடும் சோறு வேறு. ஆனால் அந்த ஒரு மாலை அந்தச் சட்டைகள் எங்கள் மூன்று பேருக்கும் சொந்தமாக இருந்தன. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் நேராக எங்களிடம் வந்தார். தோற்றதற்கு நான்தான் அனுதாபம் சொன்னேன். அவர் முருகேசன் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "மூன்று கோல் வாங்கினோம், பரவாயில்லை. பூ தாங்கிவிட்டது."

சொன்னாலும் நம்பாத ஊர்

ஊருக்குக் கிளம்பும் நாளில் யோனாஸ் கடைக்கு வந்தார். காணாமல் போன மூட்டை அன்றைக்குத்தான் கிடைத்ததாம், தோளில் சுமந்துகொண்டு நின்றார். ஓட்டு என்னாயிற்று என்று கேட்டேன். கிளப்பை விற்பதில்லை என்று முடிவாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் மட்டும் நெளிந்தார். ஆட்டத்தைப் போனில் பார்த்தவர்கள் சட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். யாரோ முழுப்பூச் சட்டையைத் திணித்திருக்கிறார்கள், நம் பிள்ளைகள் போடமாட்டோம் என்று தங்கள் கையாலேயே இதழைப் பறித்திருக்கிறார்கள் என்று ஒரே இரவில் ஊர் முழுக்கப் பேச்சு. விற்கலாம் என்றிருந்தவர்களில் பலர் மனசு மாறிக் கூடாது என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். யாரும் திணிக்கவில்லை, துபாய் தையற்கடையில் நடந்த பிசகு என்று யோனாஸ் அன்றே கமிட்டிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. யோனாஸுக்குத் தன்னடக்கம் என்று சிரித்தார்களாம்.

பணக்காரர் போய்விட்டதால் அடுத்த குளிர்காலத்தில் துபாய் கிடையாது, பனியிலேயே பயிற்சி. ஆனால் புதுச் சட்டைகளை நாங்கள்தான் தைக்க வேண்டும் என்றார். நாலு இதழ், கீழே உதிர்ந்த ஒரு இதழ், அதோடு அந்த ஓட்டைகளும் வேண்டும், உறுப்பினர்கள் கேட்கிறார்கள். ஊசியில் நூல் கோக்காமல் மெஷினை ஓட்டினால் ஓட்டை விழும், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. யோனாஸ் போன பிறகு அண்ணன் ஊசியிலிருந்து நூலை உருவினார், மறுபடி கோத்தார், மறுபடி உருவினார். என்னண்ணே என்று கேட்டேன். "அன்னிக்குத் தப்பாப் பண்ணுனத இன்னிக்குத் தப்பில்லாமப் பண்ணச் சொல்றாங்க தம்பி."

லிதுவேனியாவில் ஒரு ஊருக்கே அந்த ஓட்டைச் சட்டை வரலாறு, சத்வாவில் வாடகை நாளில் வந்து பார்த்த எங்கள் முதலாளிக்கு மட்டும் அது இன்னமும் டேமேஜ் பீஸ்தான்.