பிராந்தி ஆலையில் மாப்பிள்ளை பார்த்த நாள்

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனவன். ஆனால் மாரண்டஹள்ளிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற எவனைக் கேட்டாலும் என் மூக்கைப் பற்றிச் சொல்வான். கருப்பஞ்சாறு கொதிக்கும்போது பத்தடி தள்ளி நின்றே பதம் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு கொப்பரையை வாடகைக்கு எடுத்துத் தொடங்கியவன், இன்றைக்கு மூன்று கொட்டகைக்குச் சொந்தக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

என் கடைசி மகளுக்கு ஒரு வரன் வந்தது. கெமிஸ்ட்ரி படித்த பையன். இரண்டு பேரும் போனில் பேசி, பிடித்தும் போய்விட்டது. ஒரே இடைஞ்சல், அவன் வேலை பார்ப்பது தருமபுரிக்கு வெளியே ஒரு பிராந்தி ஆலையில். குடிக்கிறவனைக் கொப்பரைப் பக்கமே சேர்க்காதவன் நான். வீட்டுக்குள் சேர்ப்பேனா?

"நீங்களே போய்ப் பாருங்கப்பா. நீங்க வேண்டாம்னா நானும் வேண்டாங்கறேன்" என்றாள் மகள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஆலையைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள் என்று தெரிந்தது. காலையில் ஆலை, மத்தியானம் தருமபுரியில் பையன் வீடு என்று முடிவு செய்து, அவன் அம்மாவுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறோம் என்று தகவல் சொல்லிவிட்டு, ஆலைக்கு வருவதைப் பையனிடம் சொல்லாமல் நானும் என் மனைவியும் பஸ் ஏறினோம்.

உள்ளே நுழைந்ததும் வந்த காரியமே எனக்கு மறந்துவிட்டது. செம்பில் செய்த கொப்பரைகள், ஒவ்வொன்றும் ஒரு குடிசை உயரம். திராட்சைச் சாறு புளித்துக் கொதித்து, ஆவியாகி, வளைந்த குழாய் வழியே குளிர்ந்து சொட்டுகிறது. என் வாழ்நாளில் நெருப்போடு இத்தனை மல்லுக்கட்டியிருக்கிறேன், இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. சின்னப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக ஓடி ஓடிப் பார்த்தேன். "மெதுவா போங்க, வழுக்கும்" என்று பின்னாலேயே வந்தாள் மனைவி.

சுற்றிக் காட்ட வந்தவனை ஏறிட்டுப் பார்த்தேன். வரனின் போட்டோவில் பார்த்த அதே முகம். அவனுக்கு எங்களைத் தெரியாது. மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"மொதல்ல சொட்டறதைக் கீழ ஊத்திடுவோங்க ஐயா. நடுவுல வர்றதுதான் நல்ல சரக்கு. மூக்குலயே கண்டுபிடிச்சுடுவோம்" என்றான்.

"குடிச்சுப் பாக்க மாட்டீங்களா தம்பி?"

"நாக்குல வெச்சுத் துப்பிடுவோங்க. குடிச்சா மூக்கு செத்துடும். அப்பறம் எனக்கு இங்க என்ன வேலை?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. இருந்தாலும் வாய்ப்பேச்சை நம்பிப் பெண் கொடுக்க முடியாதே.

மரப் பீப்பாய்கள் அடுக்கிய கிடங்குக்குக் கூட்டிப்போனான். வருசத்துக்குக் கொஞ்சம் பிராந்தி காற்றில் போய்விடுமாம்.

"அப்ப இங்க காவல் காக்கறவன் மூச்சு விட்டாலே போதை ஏறுமா?" என்றேன். நன்றாகச் சிரித்தான்.

பிறகு என் உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னான். ஒரு பீப்பாயோடு நான் விடுவேனா? மூன்று பீப்பாயிலும் வாங்கித் தேய்த்தேன். எது பழசு, எது புதுசு என்று சரியாகச் சொன்னேன். "எங்க வேலைக்கே வந்துடுங்க ஐயா" என்றான் பையன். அந்தச் சந்தோசத்தில் கையைத் துண்டில் துடைத்தேன், சட்டையில் துடைத்தேன், மீசையையும் முறுக்கிக்கொண்டேன்.

தருமபுரி பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

"ஏங்க, கப்புனு அடிக்குது. இப்படியேவா அவங்க வூட்டுக்குப் போறது?" என்றாள் மனைவி.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. பேசாம வா" என்றேன். காலையிலிருந்து அதையே மோந்துகொண்டிருந்த மூக்குக்கு எப்படித் தெரியும்?

பையனின் அம்மா கதவைத் திறந்து கும்பிட்டவர் அப்படியே இரண்டடி பின்னால் போனார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"ஐயா தப்பா நெனைக்கக் கூடாது. குடிக்கற வூட்ல நாங்க பொண்ணு எடுக்கறதில்லீங்க."

மகள் முகம் கண்ணில் வந்தது. ஒளித்துப் பிரயோசனமில்லை என்று, வேவு பார்க்கப் போனதிலிருந்து மீசை முறுக்கியது வரை ஒப்பித்துவிட்டேன்.

"எம்பையனும் தெனமும் இந்த நாத்தத்தோடதான் வருவான். வேலைக்குப் போன நாள்ல இருந்து இந்த வாசல்ல நிக்க வெச்சு, வாயை ஊதச் சொல்லிட்டுத்தான் உள்ள விடறேன்."

"இன்னிக்கு வரைக்குமா?"

"நேத்து ராத்திரியும் ஊதுனான்" என்றவர் அசையாமல் நின்றார். "நீங்களும் ஊதுங்க."

முப்பது பேருக்கு வேலை கொடுக்கிறவன் நான். தெருவில் இரண்டு பெண்கள் வேடிக்கை பார்க்க, ஊதினேன். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெத்தலை வாசந்தான். உள்ள வாங்கண்ணா" என்றார் அந்தம்மா.

எங்கள் பக்கத்தில், சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடுவோம். இல்லையென்றால் தண்ணீரோடு எழுந்துவிடுவோம். அதனால் அவரும் தயங்கித் தயங்கித்தான், "காபி போடட்டுங்களா?" என்றார்.

"காபி வேண்டாம்மா. சோறு இருந்தா போடுங்க, பசிக்குது" என்றேன்.

நான் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது மனைவி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "அப்பா அங்க சாப்பிட்டாரா?" என்று மகள் கேட்டது, இலை முன்னால் உட்கார்ந்திருந்த என் காது வரைக்கும் வந்தது.

"ரெண்டாவது தடவை ரசம் ஊத்திக்கிட்டிருக்காரு" என்றாள் மனைவி.