மஞ்சள் பூசிய முட்டைகள்

மலைப்பாம்பின் முட்டையைப் புரட்டக் கூடாது. கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டித்தான் அடைகாக்கும். பாம்பு முட்டைக்குள் கரு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளரும், புரட்டினால் செத்துப்போகும். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

மலேசியாவில், தம்பின் என்ற ஊருக்கு வெளியே ஒரு பாம்புப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். கூண்டு கழுவிக்கொண்டிருந்த எனக்கு முதன்முதலாக ஒரு பெட்டி முட்டை கிடைத்தது. "பொரிச்சிக் காட்டு, முட்ட வைக்கிற ரூமையே உங்கிட்ட விட்டுடுறேன்" என்றார் முதலாளி.

முட்டைகள் நாங்கள் குடியிருக்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தவை. செம்பனை மட்டைக் குவியலுக்கடியில் சுருண்டு கிடந்த தாய்ப்பாம்பைக் கண்டவர் என் சித்தப்பா. வேலையாட்களை மேய்க்கும் தோட்டத்து மண்டோர், கோயில் தலைவரும் அவர்தான். நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் பாம்பை அடித்து உரித்து, மிளகு போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள். முட்டைகளையாவது காப்பாற்றினேன். கிடந்த வாக்கிலேயே ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் கோடு போட்டு, மீன் விற்கும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியில் ஈரப் பாசி பரப்பி, பண்ணை அறையில் கொண்டுவந்து வைத்தேன். சூடு ஏறாமல், ஈரம் மிஞ்சாமல் வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் அறையில் கற்பூர வாடை. சித்தப்பா இரண்டு பேரோடு வந்திருந்தார். ஒட்டிக் கிடந்த முட்டைகளைப் பிய்த்தெடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கியிருந்தார். ஒரு கோடுகூட மிஞ்சவில்லை.

"யாரக் கேட்டுத் தொட்டீங்க சித்தப்பா?"

"சாமியத் தொட யாரக் கேக்கணும்? படிச்சிட்டா கண்ணு தலைக்கு மேல ஏறிருமா?"

"இந்தச் சாமியோட அம்மாவ வறுத்துத் தின்னீங்களே, அப்ப எங்க போச்சு கற்பூரம்?"

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "விடு லா மண்டோரு, புள்ள வாயிலயே டிகிரி வாங்கியிருக்கு." சித்தப்பா சிரிக்கவில்லை. வாசலில் நின்ற முதலாளி, "பெரியவங்க, சாமி கும்பிடணும்னாங்க, எப்படி வேணாம்னு சொல்றது லா?" என்றார். கதவைத் திறந்துவிட்டவரே அவர்தான்.

எது மேல், எது கீழ் என்று தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் திரும்ப வைத்தேன். முட்டைகள் ஒவ்வொன்றாகக் குழிந்து, மஞ்சளின் மேல் பச்சைப் பூஞ்சை பூத்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கீறிக்கொண்டு தலையை நீட்டியது. அன்று சாயங்காலமே கோயிலில் பேச்சு: பூஜையின் மகிமையாம். குட்டியைத் திருவிழாவுக்குக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார் சித்தப்பா.

அழுகிய முட்டை ஒன்றை அறுத்தேன். உள்ளே முழுசாக உருவாகிச் செத்த குட்டி. அதை வாழையிலையில் மடித்து, வந்த ஆளிடமே கொடுத்தேன். "இதுவும் பூஜை பண்ணதுதான், சித்தப்பாகிட்டக் குடுங்க."

அம்மா மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். கேட்கமாட்டேன்.

மறுநாள் முதலாளி என்னைப் பார்த்து, "ஒண்ணுதானே பொரிஞ்சிச்சி..." என்று இழுத்தார்.

"அந்த ஒண்ணும் நீங்க திறந்துவிட்ட கதவத் தாண்டி வந்தது. ரூம் சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினேன். கொடுக்கும்வரை நீட்டியபடியே நின்றேன்.