மழைப்பூனையின் பேரில் எழுதியவன்

கீலுங் துறைமுகத்தில் மீன் வைக்கும் குளிர்கிடங்கில் வேலைக்கு விண்ணப்பித்தபோது ஜுங்-யானுக்கு வயது முப்பத்திரண்டு. முன் அனுபவம் என்ற இடத்தில் 'இணைய வியாபாரம், நான்கு வருடம்' என்று எழுதியிருந்தான்.

"என்ன வித்தீங்க?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"துணிமணிங்க" என்றான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

விற்றது அவன் மனைவி பெய்-ச்சினின் படங்களை. மாதச் சந்தா கட்டினால் பார்க்கலாம். கணக்கின் பெயர் 'மழைப்பூனை'. கண்ணுக்கு மேல் ஒரு பூனை முகமூடி, மற்றபடி மறைக்க ஒன்றுமில்லை. இருவருமாகத்தான் தொடங்கினார்கள். சாப்பாட்டுக் கடையில் அவள் நாள் முழுக்க டப்பா கட்டினாலும் வாடகைக்கே சரியாகப் போனது. விளக்கு பிடிப்பது, படமெடுப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் அவன் வேலை. சந்தாதாரர்களுக்கு அவள் பேரில் பதில் எழுதுவதும் அவன்தான்.

"உடம்பக் காட்டச் சொல்லு, காட்டிட்டுப் போறேன். அவனுங்களோட பேச மட்டும் சொல்லாத" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாள் பெய்-ச்சின்.

எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது ஒன்றேதான். அவர்களுக்கு எழுதுவது அவனுக்குக் கை வேலை. ஹுவாலியனிலிருந்து எழுதிய லுவோ மட்டும் வேறு மாதிரி. சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சந்தா கட்டி ஆறு மாதத்திலேயே படம் பார்ப்பதை விட்டுவிட்டார். தினமும் என்ன சாப்பிட்டார் என்று எழுதுவார். ரயிலடிக்குப் பின்னால் இருக்கும், கறி வைத்த மாவுருண்டை மிதக்கும் வொன்டன் சூப் கடையில் இன்றைக்கு உப்பு கூடிப்போனது, பக்கத்து வீட்டுக்காரன் நாய் மறுபடி செருப்பைக் கடித்துவிட்டது என்பது மாதிரி. கடைசியில், 'நீ சாப்பிட்டியா பூனை?' என்று ஒரு வரி.

ஒருநாள் ஜுங்-யான் பூனையின் பேரிலேயே தன் அப்பாவைப் பற்றி அவருக்கு எழுதினான். ஆஸ்பத்திரியில் கடைசியாக அப்பா தண்ணீர் கேட்டபோது, டாக்டர் கூடாதென்று சொன்னதால் கொடுக்காமல் உட்கார்ந்திருந்ததை. மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம். லுவோ இரண்டே வரியில் பதில் போட்டார்: 'என் மனைவிக்கு நானும் கொடுக்கல. நாம ரெண்டு பேரும் சொல்பேச்சு கேட்டவங்க, அவ்வளவுதான்.' அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

மூன்று வருடம் இப்படியே போனது. பிறகு பெய்-ச்சின் முழுகாமல் இருந்தாள்.

வயிறு தெரியத் தொடங்கினால் சந்தா இரண்டு மடங்காகும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஜுங்-யானும் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டான். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் தங்கும் பராமரிப்பு விடுதிக்கே இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆகும்; டப்பா கட்டினால் ஏழு மாதச் சம்பளம். அப்புறம் தொட்டில், பால்மாவு, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆயா.

"ஏழாம் மாசம் வரைக்கும் எடுத்தா..." என்று இழுத்தான்.

"இந்த வயிறு கடை இல்ல, ஜுங்-யான்."

"பணத்துக்கு என்ன பண்றது?"

"நீ வேலைக்குப் போ. நான் டப்பா கட்டப் போறேன். விடுதியில ஒரு மாசம் வேணாம், பதினாலு நாள் போதும். மிச்ச நாளைக்கு நல்லெண்ணெய்க் கோழி நீ செஞ்சு போடு. செத்தா போயிடுவேன்?"

அப்படித்தான் அவன் குளிர்கிடங்குக்குப் போனான். அவள் எட்டாம் மாதம் வரை நின்றபடியே டப்பா கட்டினாள். கால் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் காலை வரை மறையாது. விளக்குகளையும் கேமராவையும் விற்றுத் தொட்டில் வாங்கினார்கள்.

கணக்கை மூடும் மாதத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி விடைபெறும் கடிதம் போட்டான். லுவோவுக்கு மட்டும் தனியாக எழுத உட்கார்ந்தான், வரவில்லை. அவருக்கும் அதையே அனுப்பிவிட்டான். மறுநாள் பதில் வந்தது. 'நல்லது. இந்த வேலை உனக்கு வேண்டாம்னு நானே சொல்ல நெனச்சேன். கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னியே, அதுக்கு மேல கேப் போடக் காப்பீட்டுல தர மாட்டாங்க. இத வச்சுக்கோ.' கூடவே முப்பதாயிரம் டாலர்.

வலித்தது ஜுங்-யானின் பல். அந்தப் பணத்தை அவன் பல்லுக்குச் செலவழிக்கவில்லை. விடுதியில் இன்னும் ஐந்து நாளுக்குக் கட்டினான். கூடுதல் வேலை பார்த்த காசு என்று மனைவியிடம் சொன்னான்.

பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாவது மாதம், சம்பளத்தில் மிச்சம் பிடித்த முப்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். "தபால்ல அனுப்பிடு. நீ போகாத" என்றாள் அவள்.

அவன் போனான்.

மதியம் வொன்டன் கடையில் கூட்டம். லுவோவின் மேஜை எது என்று கடைக்காரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எதிரே உட்கார்ந்தான். நினைத்ததைவிடச் சின்ன உருவம். துவைத்துத் தேய்த்த சட்டை.

"லுவோ ஐயாவா?"

"ஆமா தம்பி. யாரு?"

சொல்லிவிட்டான். மழைப்பூனையாக எழுதியவன் தானே என்று, படத்தில் இருந்தவள் தன் மனைவி என்று, பணத்தை என்ன செய்தான் என்று. லுவோ கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார். சுற்றிலும் ஆட்கள் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாமே நீதானா?"

"முதல்லேருந்து நான்தான்."

"அவ ஒண்ணுகூடப் படிச்சதில்லையா?"

"இல்லீங்க." பிறகு அவசரமாக, "ஆனா எங்கப்பா கதை பொய்யில்லீங்க ஐயா" என்றான்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் எதுவும் இல்லை. நாலு பேர் நடுவில் இடுப்பு வேட்டி அவிழ்ந்தவர் மாதிரி அவசரமாக எழுந்து, மேஜையைப் பார்த்தபடியே, "நான் அதுல என்னென்னவோ எழுதியிருக்கேன் தம்பி. ஒரு ஆம்பளகிட்ட எழுத மாட்டேன்" என்றார். தன் சூப்புக்குக் காசு வைத்துவிட்டு வெளியே போனார். கிண்ணம் பாதி நிறைந்திருந்தது. ஜுங்-யான் பணம் வைத்த உறையோடு பின்னாலேயே ஓடினான். அவர் திரும்பாமல் கையை மட்டும் அசைத்து வேண்டாமென்றார்.

கீலுங்குக்குத் திரும்பியபோது பெய்-ச்சின் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். உறை அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்துக்கொண்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். மனசு கேக்கல."

"உன் மனசுல இருந்தத இறக்கி வச்சிட்டு வந்துட்ட. அவரு எங்க போயி இறக்கி வப்பாரு?"

அடுத்த வாரம் பணத்தைத் தபாலில் அந்தக் கடை முகவரிக்கு அனுப்பினான். பெற்றுக்கொள்ள ஆளில்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. தொலைபேசியில் கடைக்காரம்மா, "அவரு இப்பல்லாம் இங்க வர்றதில்லீங்க" என்றாள். எங்கே சாப்பிடுகிறார் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஜுங்-யான் இன்னும் அதே குளிர்கிடங்கில்தான் இருக்கிறான். மகளுக்கு நான்கு பல் முளைத்துவிட்டது. மதிய இடைவேளையில் மற்றவர்கள் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்க, இவன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான்.