சமன்படாத வரிசை

அரசுப் பணியில் இருந்த காலம் முழுவதும் என் அட்டவணை ஒன்றைக்கூட எவரும் திருப்பி அனுப்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

ஓய்வுபெற்று மலைநகரான தானா ராத்தாவில் குடியேறிய பின், மலைவட்டாரத்துக்கென ஒரு சமூகக் கணக்கு அணியை அமைத்துத் தருமாறு வட்டாரக் குழுவொன்று கேட்டது. உடனே இசைந்தேன். அது ஒரு சதுர அட்டவணை. தேயிலைத் தோட்டம், காய்கறிப் பண்ணை, கடைகள், அரசாங்கம், குடும்பங்கள் என ஒவ்வொரு தரப்புக்கும் அதில் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் உண்டு. வரிசையில் வரவு, நெடுவரிசையில் செலவும் சேமிப்பும். இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருந்தாக வேண்டும். அவ்வாறு சமன்பட்ட அணியைக் கொண்டு, ஒரு மானியத்தை நிறுத்தினால் யாருடைய வருமானம் குறையும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம்.

குழுவின் கேள்வி ஒன்றுதான்: ரிங்லெட் ஊருக்கு மேலுள்ள தோட்டத்திலிருந்து காலையில் டவுனுக்குப் போகும் பேருந்தின் மானியத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா?

தோட்டக் குடும்பங்களின் வரிசை மட்டும் சமன்படவில்லை. வரவைவிடச் செலவு மிகுந்து நின்றது. செலவைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டி, அதை ஒரே விகிதத்தில் குறைத்துச் சமன்படுத்தினேன்; அழகானதோர் அடிக்குறிப்பும் எழுதினேன். ஆண்களுக்கு வேலை தோட்டத்திலேயே இருந்ததால், பேருந்து நின்றாலும் பெரிய இழப்பில்லை என்றது கணக்கு. அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

கணக்கெடுப்புக் கேள்வித்தாள்களில் விடுபட்டிருந்த கையொப்பங்களைப் பெறுவதற்காகத் தோட்டத்துக்குச் சென்று, அலுவலக எழுத்தரான கிராணியின் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலைக் குளிரில் என் கார் கிளம்பவில்லை. அந்தப் பேருந்திலேயே ஏற நேர்ந்தது.

“சார், கொஞ்சம் கால மடக்கிக்குங்க. சாக்கு வைக்கணும்,” என்றார் ஒரு பெண்மணி.

“இதில் என்ன அம்மா?”

“சௌசௌ. லயத்துக்குப் பின்னால போட்டது. டவுன்ல சாப்பாட்டுக் கடைக்குக் குடுக்குறேன்.”

அப்போதுதான் கவனித்தேன். இருக்கைகளுக்கு நடுவே நடக்க இடமின்றிச் சாக்குகள்.

“கணக்கெடுக்க வந்தவர்களிடம் இதைச் சொல்லவில்லையே?”

“என்னைய யாரு கேட்டா? எங்க வீட்டுக்காரர கேட்டாங்க. அவருக்குச் சம்பளம் மட்டுந்தான் தெரியும்.”

“அதுவும் மாசக் கடைசில மறந்துரும் லா!” என்றது பின்னிருக்கை. பேருந்தே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குடும்பத் தலைவரிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சிடச் செய்தவன் நான்.

“பஸ்ஸ நிறுத்தப் போறாங்களாமே சார்? நெசமா?” என்று அந்தப் பெண்மணி கேட்டார். “லோரிக்காரன் ரெண்டு சாக்குக்கெல்லாம் நிக்க மாட்டான். அப்புறம் எல்லாத்தயும் நாங்களே தின்னுக்க வேண்டியதுதான்.”

டவுனில் இறங்கிய நான் மீண்டும் தோட்டத்துக்கே திரும்பினேன்.

அந்த வாரம் முழுவதும், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வீடு வீடாகச் சென்று பெண்களிடம் கேட்டேன். வீட்டுக் காய்கறிக்கென அணியில் புதிய வரிசையும் நெடுவரிசையும் திறந்தேன். நான் வெட்டியெறிந்த செலவுகளை அவற்றின் இடத்திலேயே திரும்ப வைத்தேன். வரவு ஏறக்குறைய செலவைத் தொட்டது. பேருந்து நின்றதாகக் கொண்டு கணித்தபோது, இழப்பு இம்முறை மறையவில்லை. திருத்திய அணியைக் குழுவுக்கு அனுப்பினேன்.

குழுத் தலைவர் முன்பு எனக்குக் கீழே பணியாற்றியவர். கூட்டத்துக்கு முன் என்னைத் தனியே அழைத்தார்.

“ஐயா, இத கூடுதல் தகவல்னு போட்டுடலாமே? உங்க பேருக்கு ஒண்ணும் வராது.”

அந்தச் சலுகை என்னை ஈர்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், பழைய அணியும் என் பெயரில் நிற்குமானால், நாளை வேறொருவர் அதைக் காட்டியே பேருந்தை நிறுத்திவிடலாம்.

“கூடுதல் தகவல் இல்லை, தப்பு. என் தப்பு. அப்படியே பதிவு செய்யுங்கள்,” என்றேன்.

பதிவு செய்தார்கள். மானியமும் தொடர்ந்தது.

அடுத்த முறை தோட்டத்துக்குச் சென்றபோது, திரும்புவதற்கு அந்தப் பேருந்தையே தேர்ந்தேன். அதே பெண்மணி சாக்கை இழுத்து எனக்கு இடம் விட்டார்.

“இன்னுமா சார் காடி சரியாகல?”

“கார் சரியாகிவிட்டது.”

“எங்க சௌசௌவ எழுதிட்டீங்களா?”

“எழுதிவிட்டேன்.”

“புதினா?”

தோட்டக் குடும்பங்களின் வரவில் இன்னும் சிறிது குறைவிருந்தது. இம்முறை நான் செலவை வெட்டாமல் விட்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“சொல்லுங்கள் அம்மா.”